மெர்ல் ஸ்டோல்ட்ஸை வேலைக்கு எடுத்த வருஷம்

நெப்ராஸ்காவில் எங்கள் கெஸ்டர் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணிக்கு லோரன் குசேரா தலைமைப் பயிற்சியாளர். ஒரு வசந்தத்தில் அவனுடைய தடுப்பாட்டப் பயிற்சியாளருக்கு ஒமாஹாவில் பெரிய பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. எதிரணிக்காரன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி வரும்போது மறித்துத் தள்ளுவதற்குப் பையன்களைப் பழக்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிகளில் பயிற்சிக்கு மட்டும் யாரும் முழுச் சம்பளம் தருவதில்லை. பகலில் பாடம், மாலையில் மைதானம் என்பதுதான் ஏற்பாடு. அப்போது காலியாக இருந்தது மரப்பட்டறை வாத்தியார் இடம்.

"ரம்பம் பிடிக்கத் தெரிஞ்சவரா பாருங்க, லோரன். ஒரு பையனுக்கு விரல் போனா என் கதவைத்தான் வந்து தட்டுவாங்க," என்றார் தலைமையாசிரியை திருமதி பால்க்.

முதலில் வந்தவன் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தான். இழைப்பு இயந்திரத்தை எங்கே தட்டினால் ஓடும் என்று மாணவர்களிடம் கேட்டான். அடுத்தவர் அருமையான தச்சர். வெள்ளிக்கிழமை மாலைகளில் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி இருப்பதால் ஆட்டங்களுக்கு மட்டும் வர முடியாது என்றார். மூன்றாவதாக வந்த விண்ணப்பத்தைப் பார்த்து லோரன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். மெர்ல் ஸ்டோல்ட்ஸ்.

பக்கத்து ஊரான ஆல்டனில் வெகுகாலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் மெர்ல். லோரனின் அணியைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் தோற்கடித்தவர். கடைசியாக இரண்டு வருஷம் சரியாகப் போகவில்லை என்று ஆல்டன்காரர்கள் அவரை விலக்கியிருந்தார்கள்.

"உதவிக்கு ஆள் எடுக்கறியா, இல்ல உன் நாற்காலியைத் துடைச்சுக் குடுக்கறியா?" என்றாள் லோரனின் மனைவி டெனிஸ்.

"மரவேலை தெரியுமே அவருக்கு."

"அது சரி. சவப்பெட்டியும் அவரே செஞ்சுடுவார்."

நேர்காணலில் மெர்ல் சுற்றி வளைக்கவில்லை. "உனக்கு என்ன பயம்னு தெரியும், லோரன். எனக்குத் தடுப்பாட்டத்தைக் குடு, போதும். 'எம் பையனை ஏன் ஆட்டத்துல இறக்கலே'ன்னு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல எவனும் எனக்கு ஃபோன் பண்ணக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்."

லோரன் இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரை எடுத்துக்கொண்டான்.

அதில் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் பிரைஸ் நோவாக். லோரனிடம் நாலு வருஷமாக உதவிப் பயிற்சியாளராக இருக்கும் இளைஞன், கணக்கு வாத்தியார். அந்தப் பொறுப்பு தனக்குத்தான் என்று நம்பியிருந்தான். லோரன் அவனைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னான். பிரைஸ் தலையை ஆட்டினான். ஆனால் அதற்குப் பிறகு கூட்டங்களில் மெர்லுக்கு எதிரே உட்கார்ந்து பேனாவைச் சொடுக்கிக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்டில் பயிற்சி ஆரம்பித்ததும் லோரனுக்கு வேறு சங்கடம். நேர்காணலில் 'நீ' என்று பேசிய மெர்ல் இப்போது 'கோச், நீங்க' என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் தடுப்பாட்டத்தைத் தவிர எதைக் கேட்டாலும், "நீங்க சொல்றபடி செஞ்சுடலாம்," என்பதோடு சரி. மரியாதையா, நக்கலா என்று லோரனுக்குப் பிடிபடவில்லை. தன் ஒவ்வொரு முடிவுக்கும் அவர் மனசுக்குள் மதிப்பெண் போடுகிறார் என்று தோன்றியது.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அடுத்த இரண்டிலும் தோற்றார்கள். திங்கட்கிழமை பிரைஸ் லோரனின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"சொல்லலாமா வேணாமான்னு தெரியல, கோச். கேலன் ரீட்ஸோட வண்டி பட்டறை வாசல்ல ரொம்ப நேரம் நின்னுச்சு. ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாங்க."

கேலன் டிராக்டர் கடைக்காரர். அணிக்கு நிதி திரட்டும் பெற்றோர் சங்கத்தின் தலைவர். பள்ளி நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அவருடைய சீட்டாட்டத் தோழர்கள். அவர் பட்டறைக்குப் போனது பையன்கள் செய்யும் மரப் பறவைக்கூடு வாங்க அல்ல என்பது லோரனுக்குத் தெரியும்.

அந்த வாரம் அவன் அவனாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் போட்டார்கள். தட்டைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை, மெர்ல் நிறுத்தி வைத்த தடுப்பு வரிசைக்குள் புகுந்து பையன்களை வேறு இடங்களில் நிற்க வைத்தான். புதன்கிழமை மறுபடியும் மாற்றினான். எந்தக் கோச் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். மெர்ல் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார். 

"நேரா போய்க் கேட்டுடு," என்றாள் டெனிஸ். "இப்படிப் பாதி உசுரா வீட்டைச் சுத்தி வராதே. நாய்கூட உன்னைப் பாத்துப் பயப்படுது."

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் லோரன் பட்டறைக்குப் போனான். மெர்ல் ஒரு பையன் கோணலாகச் செய்துவைத்த முக்காலியின் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேலன் உங்களைப் பாக்க வந்தாரா?"

"வந்தான்."

"எதுக்கு?"

"உங்க வேலைக்குத்தான். அடுத்த வருஷம் உங்களைத் தூக்கிட்டா நான் ஏத்துப்பேனான்னு கேட்டான். மாட்டேன்னேன். சம்பளத்தைப் பத்தி ஆரம்பிச்சான். ரம்பத்தை ஓட விட்டேன். கொஞ்ச நேரம் கத்திப் பாத்துட்டுப் போயிட்டான்."

லோரன் வேலைமேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வெள்ளிக்கிழமை ஆட்டத்தை விட்டுட்டு அவன் மூஞ்சியைப் பாத்துட்டிருப்பீங்க. இப்ப என்ன, சொல்லாமலே அதைத்தான் பண்ணிட்டிருக்கீங்க."

"என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க?"

"இதையேதான். அதனாலதான் அந்த இடமே வேணாம்ங்கறேன்." மெர்ல் முக்காலியை நிறுத்திப் பார்த்தார், இன்னும் ஆடியது. "எனக்கு இப்பத் தூக்கம் வருது, கோச். ஒம்பது மணிக்குப் படுத்தா விடிஞ்சுதான் எந்திரிக்கறேன். எம் பொண்டாட்டி மூச்சு இருக்கான்னு தொட்டுப் பாக்கறா. இதை அந்த டிராக்டர்காரனுக்காக விட்டுக் குடுப்பேனா?"

லோரனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது.

"உங்க வரிசைக்குள்ள நான் கை வெச்சது தப்பு. நாளைக்கு நீங்க போட்டதே நிக்கட்டும்."

"நல்லது. இல்லேன்னா நானே சனிக்கிழமை வந்து சண்டை போடறதா இருந்தேன்."

"இன்னொண்ணு. பிரைஸை அரங்குக்கு மேல இருக்கற கண்ணாடிக் கூண்டுல உக்கார வெக்கப் போறேன். எதிராளி எப்படி நிக்கறான்னு அவன் பாத்து ஹெட்செட்ல சொல்லட்டும். நீங்க கீழ மாத்துங்க."

"முடிவு உங்களுது."

"நான் உங்க அபிப்பிராயத்தைத்தான் கேக்கறேன். சும்மா 'நீங்க சொல்றபடி'ன்னு தலையாட்டறதுக்கு நான் ஆள் எடுக்கல."

மெர்ல் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "கண்ணு நல்ல கண்ணு அவனுக்கு. வாய்தான் நீளம். போடுங்க."

பிரைஸிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. "அவர் ஒத்துக்கிட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டான். பேனாச் சொடுக்கல் நின்றது.

வெள்ளிக்கிழமை கார்வர் அணி வந்தது. கடைசிப் பகுதியில் கெஸ்டர் நாலு புள்ளி முன்னே இருந்தது. பந்தும் அவர்கள் கையில்தான். மூன்று முயற்சி முடிந்து, நாலாவதில் இன்னும் இரண்டு கெஜம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அங்கேயே பந்து எதிராளிக்குப் போய்விடும். பந்தை உதைத்துத் தூரத்தில் தள்ளிவிட்டால் ஆபத்து குறைவு. லோரன் தன்னையறியாமல் மெர்லைத் திரும்பிப் பார்த்தான். மெர்ல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாக்காதீங்க. ரெண்டுல எதுவானாலும் நான் தடுப்புக்குத் தயாரா இருக்கேன்."

லோரன் ஓடச் சொன்னான். ஒரு கை அகலத்தில் தவறிப்போனது. அரங்கில் கேலனின் குரல் தனியாகக் கேட்டது. லோரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கார்வர் அணி மளமளவென்று முன்னேறியது. தாண்டினால் ஆறு புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு அருகில் வந்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு நாலாவது முயற்சி, அதுதான் கடைசி. அப்போது ஹெட்செட்டில் பிரைஸ் கத்தினான்: "இடது ஓரத்துல நிக்கறவன் ஓட மாட்டான், மெர்ல். அவன் மறிக்கத்தான் நிக்கறான். பந்து வலது பக்கம் போகும். வலது பக்கம்."

மெர்ல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை வீசி இரண்டு பையன்களை வலப்பக்கம் தள்ளினார். பந்து வலப்பக்கம்தான் வந்தது. பந்தோடு வந்தவன் கோட்டுக்கு முன்னாலேயே மல்லாந்தான். மீதி நேரத்தைக் கெஸ்டர் பையன்கள் பந்தை விடாமல் பிடித்தே கழித்து ஜெயித்தார்கள்.

பயிற்சியாளர் அறையில் லோரன் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பிரைஸ் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"நான் சொன்னேன்ல, வலதுன்னு?"

"சொன்னே, சொன்னே," என்றார் மெர்ல். "எட்டு ஊருக்குக் கேட்டுச்சு. இந்தக் காது இனிமே உதவாது."

"அடுத்த வாரம் மெதுவா சொல்றேன்."

"வேணாம். இன்னொரு காது இருக்கு."

டெனிஸ் கதவருகே வந்து நின்றாள். வீட்டுக்குக் கிளம்பலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்றான் லோரன். அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, ஈரத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.