எதிரணிக்கு ஓர் அர்ச்சனை

1

இந்தக் கதை ஓர் அர்ச்சனைத் துண்டில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1995 ஒக்டோபர். ஸ்காபரோவில் கார் திருத்துமிடத்துக்கும் கம்பளக் கடைக்கும் நடுவே ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை இருத்தியிருந்தோம். சனிக்கிழமை காலைகளில் வாசல் மேசையில் துண்டு எழுதுகிறவன் பெயர் அன்புராசா. (இந்தப் பெயரைப் பற்றிப் பிறகு பேசவேண்டியிருக்கிறது.)

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"அன்று பனி கொட்டிக்கொண்டிருந்த..." (கொட்டவில்லை. கனடாக் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமா?)

"இராசமணி என்ற தாயின் கண்களில்..." (அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவே இல்லை. அதுதான் பிரச்சினையே.)

ஆகவே நடந்தபடி சொல்கிறேன். இராசமணி அக்கா மட்டக்களப்பு. மில்லிக்கன் பக்கம் ஒரு நிலக்கீழ் வீட்டில் மகனோடு இருந்தார். அன்று மேசைக்கு வந்து, "எட்வேட்" என்றார்.

"ஆரக்கா எட்வேட்?"

"மத்தப் பக்கத்துப் பொடியன். பந்து எறியிறவன். அவன்ட பேருக்கு ஒரு அர்ச்சனை."

"நட்சத்திரம்?"

"எனக்கென்ன தெரியும்? வெல்லுறதா ஒண்டு போடுங்க தம்பி."

பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான் என்பார்களே. பரணி என்று எழுதினேன்.

(எழுதினேன் என்று வந்துவிட்டது. சரி, அன்புராசா என்று ஒருவன் இல்லை. அந்த மேசையில் இருந்தவன் நான்தான். மூன்று வரைவுகளில் அவனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.)

2

மகன் கோணேஸ்வரன், வயது இருபது, ஒரு சின்னக் கல்லூரியின் ஃபுட்போல் அணியில் இருந்தான். காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துகிற அமெரிக்க விளையாட்டு.* பந்தோடு ஓடிவருகிறவனை இடித்துச் சாய்ப்பது அவன் வேலை. பருவத்துக்கு எட்டு ஆட்டம். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அரையிறுதி, வென்றால் இறுதி.

* கனடாவில் விதிகள் கொஞ்சம் வேறு என்று ஒரு நண்பர் திருத்தினார். இருக்கட்டும். இடி இடிதான்.

அந்த அணி பத்து வருடமாக அரையிறுதியைக் கண்டதில்லை. அந்த வருடம் பார்த்து வென்று தள்ளியது. எட்வேட்டின் பரணி பலிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறொரு எதிரணி, வேறொரு பெயர். ஐயர் துண்டைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரரும் வரத் தொடங்கிட்டினமோ?" என்று மகிழ்ந்துபோனார். நானும் சிரித்தேன். மகனுடைய அணி தோற்கவேண்டும் என்று நேர்கிற தாய்! என்ன அருமையான கதை என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

3

மூன்றாம் முறை வந்தபோது ஏன் என்று கேட்டேன்.

முதல் அர்ச்சனைக்கு முந்தின வாரம், ஐந்தாவது ஆட்டத்தில், கோணேஸ் தலையில் அடிபட்டு வந்தான். வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, "அம்மா, பசிக்குது, சோறு இல்லையா?" என்றான். இராசமணி அக்கா பகிடி என்று நினைத்தார். அவன் கோப்பையைப் பார்த்தபடி நின்றான். பிறகு சத்தியெடுத்தான், சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. லைட்டைப் போடவேண்டாம் என்று கத்தினான்.

"கோச்சிட்டச் சொல்லப்போறன் எண்டன் தம்பி. என்ட கையப் பிடிச்சு அவன்ட தலையில வச்சுட்டான். சத்தியம் பண்ணுங்க எண்டான். பண்ணிட்டன்."

பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைக்குத்தான் வரும். ஏற்கெனவே உள்ளுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாத தலை. ஆகவே அணி தோற்கவேண்டும், பருவம் முடியவேண்டும், அவன் வீட்டில் இருக்கவேண்டும். அதற்குத்தான் அர்ச்சனை.

பிறகு ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். கோச்சின் நம்பர்.

"எனக்கு இங்கிலீசும் வராது, சத்தியமும் பண்ணிட்டன். நீங்க பண்ணல்லத்தானே. ஒரு போன் அடிச்சுச் சொல்லுங்க."

"பாப்பம் அக்கா," என்றேன்.

(இந்த இரண்டு சொல்லைத் திருத்தப் பலமுறை முயன்றேன். "சரி அக்கா" என்று எழுதினால் பேனாவுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் அப்படிச் சொல்லவில்லை.)

4

ஏன் போன் அடிக்கவில்லை? இந்த இடத்தில் கட்டுரை எழுதலாம். அகதி வழக்கு முடியாதவன், வெள்ளைக்காரனோடு பேசப் பயம், என்றெல்லாம். ஓரளவு உண்மைதான். முழு உண்மை வேறு.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் சாக்கு மூடிய ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். வரிசையில் போகிறவர்களில் யாருக்கு அவன் தலையாட்டுகிறானோ அவர் வீடு திரும்பமாட்டார். தலையாட்டி என்போம். ஒருமுறை அந்த வரிசையில் நானும் போனேன். சாக்கின் இரண்டு ஓட்டைகள் என்னைப் பார்த்தன. அன்றிலிருந்து ஓர் அதிகாரியிடம் ஒருவன் பெயரைச் சொல்வதற்கு எனக்கு ஒரே அர்த்தம்தான். கோச்சும் அதிகாரி. விசில் வைத்திருப்பவன்.

5

அரையிறுதி. இராசமணி அக்காவை நான்தான் காரில் கூட்டிப்போனேன். நவம்பர்க் குளிர். கடைசிக்கு முந்தின இடியில் கோணேஸ் விழுந்தான். எழுந்தான். எழுந்து ஓடிப்போய் எதிரணிக்காரரின் வரிசையில் நின்றான்.

சனம் சிரித்தது. ஒருவன் அவனைத் திருப்பி முதுகில் தட்டி அனுப்பினான். என் பக்கத்தில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இன்னும் நோகிறது என்று எழுதினால் மிகை. ஆனால் பயந்தேன். இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

அணி வென்றுவிட்டது.

திரும்பும்போது ஸ்டீல்ஸ் வீதியில் சொன்னேன்: "அக்கா, போன் அடிக்க நினைக்கிறன். ஆனா காட்டிக்குடுக்கிறமாதிரிக் கிடக்கு."

அக்கா கார் யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "என்ட தம்பியத் தலையாட்டிதான் காட்டினவன்," என்றார். "அவன் ஆட்டினான், தம்பி வரல்ல. நீங்க சொன்னா என்ட புள்ள வீட்ட வருவான். ரெண்டும் ஒண்டா?"

இறுதி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை.

6

முடிவுகள்.

அ. அணி தோற்கிறது. கோணேஸ் அழுகிறான். தாய் சமையலறையில் ஒளித்துச் சிரிக்கிறாள். (நன்றாக இருக்கிறது. பொய்.)

ஆ. அணி வெல்கிறது. எல்லோரும் அவனைத் தோளில் தூக்குகிறார்கள். அவன் கீழே பார்த்து, இவர்களெல்லாம் யார் என்று...

(முடிக்க முடியவில்லை.)

இ. மூன்றாம் இடியில் அவன்...

(இதை எழுதமாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன்.)

மூன்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். ஒன்றிலும் நான் இல்லை. என் கதையில், என் பேனாவால்கூட, அந்தப் போனை நான் எடுக்கவில்லை. உண்மையில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். இராசமணி அக்காவுக்கும் தெரியும்.

ஆகவே நான்காவதை உங்களோடு சேர்ந்து எழுதப்பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஆட்டத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. கோயிலில் யாரும் இல்லை. இலக்கங்களை அழுத்திவிட்டேன். மணி போகிறது. கோச் எடுத்துவிட்டான். "ஹலோ" என்கிறான்.

என் வாய் திறந்திருக்கிறது. எழுத்து வரவில்லை.

இரண்டாம் தரமும் "ஹலோ" என்கிறான். மூன்றாம் தரம் சொன்னால் வைத்துவிடுவான். இந்தாருங்கள், பிடியுங்கள். அவன் பெயர் கோணேஸ்வரன். சொல்லுங்கள்.