அஞ்சலின் தனியாக ஏறிய ஞாயிறு

...இல்லை, புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம், நான் இரண்டோடு விட்டுவிட்டேன், அதுதான் வானொலி அலை பிடிக்கிற இந்த ஸ்கானர் பெட்டி ‘பீப்’ என்று கத்துகிறது, திரும்பவும் முதலில் இருந்து, ஒன்று, இரண்டு... தொழிற்சாலையில் மயிரளவு மணிக்கூட்டு முள்ளைப் பொருத்துகிற விரல், இந்த ரப்பர் பொத்தானில் தடுமாறுகிறது. அலைவரிசை இலக்கத்தை மகளின் கொப்பியில் இருந்து என் மனைவி றஞ்சினிதான் களவாக எழுதித் தந்தாள். “இஞ்சேருங்கோ, பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ.” சொல்லவில்லை. விமானிகள் கதைப்பதைக் கேட்க ஏஎம் இல் விட வேண்டுமாம், எஃப்எம் இல் விட்டால் விளங்காதாம், அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள், புத்தகம் முழுக்க ஜெர்மன்... சரி, ஏஎம், சேமித்தாயிற்று. இன்றைக்கு அஞ்சலின் முதல் தரம் பயிற்சியாளர் இல்லாமல் தனியாக விமானம் ஓட்டுகிறாள். கிரெஞ்சன் விமானத்திடலில், மூன்று சுற்று. தாய் அங்கே வேலியோரம் நிற்கிறாள், நான் பீல் நகரத்தில் நாலாம் மாடியில், குசினி மேசையில்.

ஏன் நான் போகவில்லை? போன மாதம் போனேனே, காரை விட்டு இறங்கிய உடனே ஒரு சின்ன விமானம் தலைக்கு மேலே பதிந்து வந்தது, அவ்வளவுதான், நான் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தேன், காதைப் பொத்திக்கொண்டு, அஞ்சலினுடைய சிநேகிதர்கள் எல்லோருக்கும் முன்னால். ஊரில் குண்டுவிமானத்துக்கு விழுந்து படுத்து முப்பது வருசம் கழித்தும் உடம்பு என்னைக் கேட்காமல் விழுகிறது, நான் என்ன செய்ய? அவள் கோபிக்கவில்லை. முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் சொன்னாள், “அப்பா, அண்டைக்கு நீங்கள் வராதேங்கோ. உங்களை நினைச்சா எனக்குக் கை நடுங்கும்.” ஓம் என்றேன்.

பெட்டி பேசாமல் கிடக்கிறது. ஒரு மூச்சுக்கூட இல்லை. இன்னும் ஏறவில்லைப் போல, காற்றுக் கூடவோ, மறித்துவிட்டார்களோ... போன் அடிக்கிறது, றஞ்சினி. “ஏறிட்டாளப்பா! ரெண்டு சுத்து முடிஞ்சுது. கேட்டனீங்களோ?” “ஒண்டும் கேக்கேல்லை.” “என்ன கேக்கேல்லை? இஞ்ச வாத்தியாற்றை பெட்டியில கணீரெண்டு கேக்குது. மணிக்கூடு பூட்டுற ஆளுக்கு ஒரு ரேடியோ பூட்டத் தெரியேல்லை.” சிரிக்கிறாள். ரெண்டு சுற்றுப் போய்விட்டதா? இலக்கம் சரி, ஏஎம் சரி, அன்ரெனா... ஐயோ, ஸ்குவெல்ச்! இரைச்சலை அமத்துகிற திருகை நான்தான் காலையில் கடைசிவரை திருகி வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டு மனிசி சத்தம் கூட என்று ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டுவிட்டா, இரைச்சல் கேட்கக்கூடாது என்று திருகத் திருக, அது என் பிள்ளையின் குரலையும் சேர்த்தல்லவா அடைத்துவிட்டது. இந்தச் சுவிஸ் நாட்டில் சத்தம் போடாமல் இருந்து இருந்தே பழகி... திறந்துவிட்டேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று குசினி முழுக்க மழை பெய்கிற மாதிரி, மனிசி எழுதட்டும் மூன்றாவது கடிதம், காதை ஒட்டி வைத்தேன், மூச்சை அடக்கினேன், ஒரு ஆணின் பிரெஞ்சு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு...

அவள். இறங்க வருகிறேன் என்று ஆங்கிலத்தில், விமானத்தின் பெயர், ஓடுபாதையின் இலக்கம், ‘ஃபைனல்’, கடைசி இறக்கம். நான் எழும்பி நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம்? கதிரையைப் பிடித்தபடி, மாதாவே, மாதாவே... “இறங்கிட்டாள்!” போனை நான் வைக்கவேயில்லை, றஞ்சினி அதற்குள்ளிருந்து அழுகிறாள். பெட்டியில் அஞ்சலின் யாருக்கோ நன்றி சொல்லி ‘மெர்சி’ என்கிறாள், சிரித்துக்கொண்டு, உரத்து, விறுவிறென்று. இந்தக் குரலை நான் கேட்டதேயில்லை. என்னோடு கதைக்கும்போது அவள் தணிந்துதான் கதைப்பாள், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, சின்னனில் கதவைக்கூட அடித்துச் சாத்த மாட்டாள், அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே... நான் வெருண்டுவிடுவேன் என்றா இந்த அடக்கம்? எத்தனை வயதில் தொடங்கியிருப்பாள்?