கோடு விழுந்த சால்வை

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் வெள்ளைச் சால்வைதான் போடுவோம். கரை இரண்டு விரல் அகலம். அதற்கு மேல் அலங்காரம் எங்களுக்கு ஆகாது. ஆகவே, என் மகன் நிருஷனுக்குத் தன் மகள் ஆரணியைக் கொடுக்கும் வல்வெட்டித்துறைத் தியாகலிங்கம், எங்கள் வீட்டில் நடக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கு ஒரு கிழமை இருக்கையில் நீலப் பட்டுச் சால்வை ஒன்றைக் கொடுத்தனுப்பியபோது, பெட்டியைத் திறந்த கையோடு மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன்.

இந்தியாவில் வாங்கிய பத்திக் சால்வையாம். பொன்னுருக்கு அன்று நான் இதைத்தான் போட வேண்டுமாம். நீலத்தை மன்னிக்கலாம். உடம்பு முழுக்க மீன்கள். அவர்கள் கடலோடிய குடும்பம், அதையும் மன்னிக்கலாம். ஆனால் கரையைத் தவிர எங்கு பார்த்தாலும், கீழே விழுந்த பீங்கான் தட்டில் ஓடுவதுபோல மெல்லிய வெடிப்புக் கோடுகள்.

"குணம், இஞ்சை பாரும். பழுதான சால்வையை அனுப்பியிருக்கினம்."

என் மனைவி குணலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "உங்கடை நெத்தியிலையும்தான் உவ்வளவு கோடு கிடக்கு. நான் உங்களைத் திருப்பி அனுப்பினனானோ?"

"பகிடியை விடும். எங்கடை தரம் தெரியாமல் அனுப்பினதை நான் திருப்பி அனுப்பப் போறன்."

"அனுப்புங்கோ. பின்னாலை பெடியன்ரை கலியாணமும் திரும்பி வரும். ஆரணிக்காக நாலு வருசம் காத்திருந்தவன். அவனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ."

அதை நான் எப்படிச் சொல்வது? பொன்னுருக்கு அன்று விடிய எழும்பி, சால்வையை நாலு விரல் அகலத்துக்கு மடித்தேன். கோடில்லாத கரை மட்டும் வெளியில். மீனும் வெடிப்பும் உள்ளே. இஸ்திரி போட்டுத் தோளில் வைத்தேன். பட்டு வழுக்கியது, ஆகவே அசையாமல் இருந்தேன்.

"என்ன அண்ணை, கழுத்து பிடிச்சிட்டுதோ?" என்றாள் என் தங்கை பராசக்தி.

"இல்லை."

"அப்ப ஏன் ஆமிக்காரன் நிக்கிற மாதிரி இருக்கிறியள்?"

பத்தர் தாலிக்குப் பொன் உருக்கக் கரி நெருப்பை ஊதத் தொடங்கிய நேரம், தியாகலிங்கமும் தம்பிமார் இருவரும் வந்தார்கள். மூவரும் அதே மாதிரிச் சால்வையை இரண்டு தோளும் மூட விரித்துப் போட்டிருந்தார்கள். மூன்று நெஞ்சிலும் வெடிப்பு.

"இதென்ன, கோடு கோடாய்?" என்று பராசக்தி கேட்டே விட்டாள்.

"அதிலைதான் விசயம் இருக்கு தங்கச்சி. துணியிலை மெழுகாலை படம் கீறி, சாயத்திலை தோய்ப்பினம். மெழுகு வெடிக்கிற இடமெல்லாம் சாயம் இறங்கும். ஒண்டைப் போல ஒண்டு வராது. கோடு கூடினதைத் தேடி எடுத்துச் சம்பந்திக்கு அனுப்பினன்."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்த தியாகலிங்கம் நின்றுவிட்டார். முகம் மாறியது.

"சம்பந்தி, நான் தந்ததை ஒளிச்செல்லோ வைச்சிருக்கிறியள். போட வெக்கமோ?"

பத்தர்கூட ஊதுவதை நிறுத்தினார். கதவடியில் நின்ற நிருஷன் என்னையே பார்த்தான்.

"வெக்கமோ?" என்றாள் குணலட்சுமி. "அண்ணை, உந்த நெருப்பைப் பாருங்கோ. ஒரு பொறி தெறிச்சால் உந்தப் பட்டு என்னத்துக்கு ஆகும்? அந்தப் பயத்திலை இவர் விடிய எழும்பி மடிச்சவர்."

பொய் சொல்வது எங்கள் குடும்ப வழக்கமல்ல. ஆனால் விடிய எழும்பி மடித்தது உண்மை. அதற்கு மட்டும் தலையாட்டினேன்.

தியாகலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இந்த யோசனை வரேல்லையே சம்பந்தி!" என்று தன் சால்வையைக் கழற்றி, என்னுடையதை அளவு பார்த்து நாலு விரலுக்கு மடித்தார். தம்பிமாரும் மடித்தார்கள். பத்தர் பொன்னை உருக்கினார். நிருஷன் மூச்சு விட்டான்.

அடுத்த நாள் சால்வையை முற்றத்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். மீன்களைச் சுற்றி அந்தக் கோடுகள் ஓடாவிட்டால், அவை தண்ணீரில்லாத மீன்களாக இருந்திருக்கும். இதை நான் குணலட்சுமிக்குச் சொல்லவில்லை.

கலியாணத்தன்று அதை இரண்டு தோளிலும் நன்றாக விரித்துப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் வல்வெட்டித்துறை ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லார் தோளிலும் நாலு விரல் மடிப்பு. கரை மட்டும் வெளியில்.

தியாகலிங்கம் என் தோளைப் பார்த்தார். பிறகு மணவறையில் ஐயர் வளர்த்துக்கொண்டிருந்த ஓமத்தைப் பார்த்தார்.

"சம்பந்தி," என்றார் தணிந்த குரலில், "இஞ்சையும் நெருப்பெல்லோ இருக்கு."

குணலட்சுமி அளவெட்டியிலிருந்து வந்த மேளக்காரரை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள். அவள் தோள் குலுங்கியது.

நான் சால்வையைக் கழற்றி நாலு விரலுக்கு மடித்தேன். இம்முறை கரை உள்ளே, கோடுகள் வெளியே.