பதினேழுக்குப் பக்கத்தில்

காலை ஒன்பது இருபதுக்கு அந்தப் பழைய பாய்லருக்குள் ஊர்ந்து போனேன். அதைச் சோதிக்க வந்த அதிகாரி நான். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் அதில் வெல்டிங் செய்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

ஒவ்வொரு வெல்டிங் இணைப்பின் அருகிலும் அதைப் போட்டவர் தன் எண்ணை அடிக்க வேண்டும். ஒழுகினால் ஆளைப் பிடிக்க அதுதான் வழி. அப்பாவின் எண் 17. அவர் மட்டும் பஞ்ச் என்னும் கூர்முனை இரும்பை வைத்துத் தட்டிப் பக்கத்தில் ஒரு புள்ளியும் வைப்பார். அது கடவுளுடையதாம். பட்டறையில் அவர் புள்ளிக்காரர்.

பள்ளி விட்டதும் தம்பியோடு பட்டறை வாசலில் நிற்பேன். அப்பா முகமூடியைத் தூக்கிச் சிரிப்பார். பொறி பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை. தம்பி ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்ப்பான்.

ஃபோர்மேன் சீண்டுவார். "கண்ணு எரியறது உனக்கு, பேரு கடவுளுக்கா?"

"கையைப் பிடிச்சுக்கறது அவருதாண்ணே."

"அப்ப ஒழுகினா அவரையே கூப்பிடறேன்."

"ஒழுகினா என்னைக் கூப்பிடுங்க. நம்பர் அதுக்குத்தானே."

தம்பி ஆறு வயதில் காய்ச்சலில் போனான். நான்காம் நாள் அப்பா வேலைக்குப் போய் இந்த பாய்லரின் கடைசி இணைப்பைப் போட்டார். ராத்திரி சாப்பிடாமல் அம்மாவிடம் சொன்னார்: "கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு நான் மட்டும்தான் இருந்தேன். புள்ளி வைக்கலை."

அப்புறம் எதிலும் வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஓர் இணைப்பைப் பற்றியே கேட்பார். அது நிற்காது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மதியம் இணைப்புகளின் எக்ஸ்ரே படங்கள் வந்தன. விளக்குப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்தேன். புள்ளி வைத்த இரண்டில் ஊசிமுனை அளவுக் குமிழிகள், பாதகமில்லை. புள்ளி இல்லாத பதினேழை மூன்று முறை பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார்.

"பார்த்தியாம்மா? எங்க விரிசல்?"

"எங்கயும் இல்லப்பா. நீங்க போட்டதுலயே இதுதான் சுத்தம்."



"அன்னைக்குக் கை நிக்கவே இல்லையேம்மா."

"உங்க பஞ்ச் என் பையிலதான் இருக்கு. புள்ளி வைக்கட்டுமாப்பா?"