ரொறொன்ரோவில் மூழ்கிய கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்தில் நடப்பது எங்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். முதலில் ரொறொன்ரோவுக்குத் தெரியும். என் இன்ரநெற் கடையிலிருந்து துறைமுக வாசல் ஒரு சிகரெட் முடிகிற தூரம். ஆனால் உள்ளே கடற்படை, எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் செய்தி கனடாவுக்குப் போய், தொலைபேசியில் திரும்பி வரும்.

2007இல் புஸ்பராணி அக்காவுக்கும் அப்படித்தான் வந்தது. போரில் தரைப் பாதை மூடியதால் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்ட அவருடைய கணவர் இரத்தினசிங்கம், இங்கே வரும் கப்பலில் இடம் கிடைத்துவிட்டதென்று சொல்லியிருந்தார். பிறகு அந்தப் பக்கத்துத் தொலைபேசிகள் எல்லாம் செத்துவிட்டன. அன்று காலை ரொறொன்ரோவிலிருந்து அக்காவின் தம்பி சோமசேகரம் தொலைபேசி எடுத்து, கப்பல் கடலில் மூழ்கித் தாண்டுபோச்சு, ஒருத்தரும் தப்பவில்லை என்று அழுதிருக்கிறார்.

அக்கா அழவில்லை. நேரே கடைக்கு வந்து, ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார்.

"தம்பி, உண்மையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நான் வெள்ளைச் சீலை எடுக்கிறதோ, சோறு காய்ச்சிறதோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

எனக்கு இணையம் முழுக்கத் தெரியும் என்று ஊர் நம்பியதற்குக் காரணம், கடை வாசலில் நானே எழுதி மாட்டிய பலகை. உண்மையில் எனக்குத் தெரிந்தது விசா விண்ணப்பமும் கிரிக்கெட் ஸ்கோரும்தான். ஆனால் போர்ச் செய்திக்கு எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரு விதி இருந்தது. ஒரு பக்கம் மட்டும் சொன்னால் பாதியைக் கழித்துவிடு. இரண்டு பக்கமும் ஒன்றையே சொன்னால் நம்பு.

தேடினேன். ஏழெட்டுத் தளங்கள். அரசாங்கத்துக்கு வாலாட்டுகிற தளமும் புலிகள் இயக்கத்துக்கு வாலாட்டுகிற தளமும் ஒரே கதையைச் சொல்லின. போதாததற்கு ஒரு மரண அறிவித்தல் தளத்தில் இரத்தினசிங்கத்தின் படமே இருந்தது, மாலையோடு. மரண அறிவித்தலில் யாராவது பொய் சொல்வார்களா? நான் செத்தவீட்டு முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு "அக்கா" என்று தொடங்கினேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில எடுத்த படம். சோமுவிட்டைத்தான் கிடக்கு."

சோமசேகரத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். ஓம், அறிவித்தலைப் போட்டது தான்தானாம். அத்தான் செத்தது எப்படித் தெரியும் என்று கேட்டால், இணையத்தில் பார்த்தாராம். இணையத்தைப் பார்த்தால், 'உறவினர் மரண அறிவித்தல் வெளியிட்டிருப்பதால் செய்தி உறுதியாகிறது' என்றிருந்தது. செய்தி அறிவித்தலைக் காட்ட, அறிவித்தல் செய்தியைக் காட்ட, நடுவில் மனிதர் செத்துப்போயிருந்தார்.

வெட்கம் வந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கினேன். செய்தியிலிருந்து ஒரு வசனத்தை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் போட்டுத் தேடினேன். எல்லாத் தளத்திலும் அதே வசனம், கமாகூட அசையாமல். 'அறிவித்தல்' என்ற சொல் வருகிற பக்கங்களைக் கழித்தல் குறி போட்டு விலக்கி, மிச்சத்தின் திகதியையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு பின்னே பின்னே போனேன். எல்லாவற்றுக்கும் முந்தியது ஒரு வலைப்பூ. எழுதியவர் பெயர் இல்லை, யார் சொன்னது என்பதும் இல்லை. மூழ்கும் கப்பலின் படம் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் மலையுச்சியில் பனி. திருகோணமலையில் பனி ஐஸ்பழ வண்டிக்குள்தான் கிடக்கும்.

"அப்ப பொய்யோ தம்பி?"

ஓம் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். "இவங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டதுதான் தெரியுது அக்கா. அண்ணை எங்க எண்டு இன்னும் தெரியேல்லை."

பிறகு தேடலை அரசாங்க முகவரிகளுக்குள் மட்டும் அடக்கிக் காலநிலையைத் தேடினேன். வடகடல் கொந்தளிப்பு, கலங்கள் புறப்படவேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை இருந்தது. அடுத்து ஒரு நிவாரண நிறுவனத்தின் பக்கம்: யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் பயணிகள் கப்பலில் ஏறமுடியாமல் காத்திருக்கிறார்கள், சாப்பாடு கொடுத்தோம் என்று அங்கே நின்ற ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அல்ல.

அதைக் கேட்டுத்தான் அக்கா அழுதார். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. துக்கத்தைச் சொல்லிப் பிழையாய்ப் போனால் மன்னிப்புக் கேட்கலாம். நம்பிக்கையைச் சொல்லிப் பிழையாய்ப் போனால் எந்த முகத்தோடு இந்த வீதியால் நடப்பது? கப்பல் வரும்வரை கடையைப் பூட்டிவிட்டு, அவரோடு துறைமுக வாசல் வெயிலில் போய்ப் போய் நின்றேன். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள்.

ஒருநாள் மத்தியானம் கப்பல் வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராய் வெளியே வந்தார்கள். கனநேரம் கழித்து இரத்தினசிங்கம், மெலிந்துபோய், ஒரு பை பனங்கிழங்கோடு. அக்கா போய் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்தார்.

"என்னப்பா, சனம் பாக்குது," என்றார் அவர். "கடல் பொல்லாத கடல், கப்பலை விடேல்லை. அங்கினையே கிடந்தனாங்கள்."

அக்கா கையை விடவில்லை. பையை நான் வாங்கிக்கொண்டேன். வீதித் தடையில் சிப்பாய் அவரைச் சோதிப்பதற்காக இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். அவர் தூக்கினார், கூடவே அக்காவின் கையும் மேலே போனது. சிப்பாய் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்து, போகச் சொன்னான்.