இன்னும் ஒரு தவணை

எட்டு இருபதுக்கு வாவி கடக்கும் பாதைப் படகு கரை தட்டியது. பிள்ளைகள் இறங்கி ஓடிவந்த பிறகுதான் மார்கிறட் மணியை அடித்தாள். எட்டு மணி என்பது கல்வித் திணைக்களத்தின் நேரம். பாதைக்காரனுக்கு அது தெரியாது.

பள்ளி அதிபர் பதவி கேட்டவர்களை அனுபவமுள்ள ஓர் அதிபரிடம் ஒரு பள்ளித் தவணை விட்டுப் பழக்கும் திட்டம் அந்த வருடம் வந்திருந்தது. பழகிவிட்டதாக அவர் சொன்னால் சொந்தமாக ஒரு பள்ளி கிடைக்கும். மார்கிறட்டுக்கு நாற்பத்தொன்பது வயது. அவளைப் பழக்கக் கிடைத்தவர் நல்லரத்தினம். வயது முப்பத்தைந்து. ஐந்தாம் வகுப்பில் அவளிடம் படித்தவர்.

முதல் வாரம் அவர் வேலைகளைக் காட்டினார். இரண்டாம் வாரம் அவள் செய்வதைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். காலையில் வேப்பமரத்தடியில் பத்திரிகை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாவியில் தூண்டில். மீன் அகப்பட்ட நாட்களில் பாதியை அவளுக்கு அனுப்பினார்.

தவணை முடிந்தது. இன்னும் ஒன்று இருக்கச் சொன்னார்.

வைகாசியில் அம்மன் சடங்குக்குப் பிள்ளைகள் உட்காரும் பள்ளி வாங்குகளைக் கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். திரும்பி வருவதற்கு வழக்கம் எதுவும் இல்லை. மார்கிறட் கோயில் வாசலுக்குப் போனாள். கோயிலை நடத்தும் வண்ணக்கர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"சடங்கு முடிஞ்சி ஒரு கிழமை. வாங்கு எங்க?"

"அதுக்கென்ன ரீச்சர் அவசரம்? நம்மட அதிபர் ஆவணி மட்டுக்கும் கேக்கமாட்டார்."

"பிள்ளையள் மண்ணுல இரிக்குதுகள்."

"நாங்களும் மண்ணுல இரிந்துதான் படிச்ச."

"அது தெரியுது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னேரம் வாங்குகள் வண்டியில் வந்தன. உடைந்தவற்றுக்குப் புதுக் கால் போட்டிருந்தது.

தவணை முடிவில் வட்டாரக் கல்வி அதிகாரி வந்தார். வாங்குகளைப் பார்த்தார். கூரையில் புதுத் தென்னோலைக் கிடுகு. வகுப்புகளில் சத்தம் இல்லை.

"பள்ளியை நல்லா வெச்சிரிக்கிறீங்க," என்றார் நல்லரத்தினத்திடம். "கல்குடாப் பக்கம் ஒரு அதிபர் இடம் காலி. ரீச்சர் பழகிட்டாவா?"

நல்லரத்தினம் யோசித்தார்.

"இன்னும் ஒரு தவணை இரிந்தா நல்லாப் பழகிருவா, சேர்."

"அப்ப கல்குடாவுக்கு வேற ஆளைப் பாக்கிறன்."

கார் போனது. மார்கிறட் வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"நல்லரத்தினம்," என்றாள்.

இரண்டு தவணையாக அவரைச் சேர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு என்ன குறை?"

"குறையெண்டு சொல்ல ஏலா ரீச்சர். உங்கட நன்மைக்குத்தான் சொன்ன நான்." அவர் குரலில் பொய் இல்லை. "இன்னும் ஒரு வருஷம் இரிந்தா நல்லம் எண்டு நீங்க என்னை அஞ்சாம் வகுப்பில மறிச்சீங்கதானே. அதாலதான் நான் ஆளாகின."

அந்த வருடம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. வகுப்பு நிறையப் பிள்ளைகள். நல்லரத்தினம்தான் சட்டாம்பிள்ளை. கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தான், சண்டை விலக்கினான், சுருட்டு வாங்கப் போன உதவி ஆசிரியரைத் தேடிப் பிடித்து வந்தான். அவள் மேசையடியில் இருந்துகொண்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொப்பி பின்னினாள். அடுத்த வருடமும் பின்னினாள்.

நல்லரத்தினம் தூண்டிலை எடுத்தார். போகவில்லை. கூச்சத்தோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டு மட்டும் கேக்கோணும் எண்டு கனகாலமா இரிந்தன். அண்டைக்கு எனக்கு என்ன குறை இரிந்த, ரீச்சர்?"