இன்னாசி கட்டிய தவணை

ஒரு தடவை ஜெயித்தவன் ஏன் இரண்டாம் தடவை ஜெயிப்பதே இல்லை என்பதுதான் எங்கள் அமெரிக்க மேனேஜர் டேலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொள்வதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

சென்னை எர்ணாவூரில் இருந்த எங்கள் தொழிற்சாலையை டேலின் கம்பெனிக்காரர்கள் வாங்கியது 2002 ஜூனில். லாரி ரேடியேட்டர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்விதான் எங்கள் சரக்கு. வந்த கையோடு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றையும் இறக்கினார்கள். அன்றாட அளவுக்கு மேல் யார் அதிகம் அடிக்கிறாரோ அவருக்கு மாதக் கடைசியில் பதினைந்தாயிரம் ரூபாய். மற்றவர்களுக்குக் கைதட்டுகிற வேலை. ஆளுக்கொரு நம்பர், ஆளுக்கொரு பெட்டி, வாசலில் எல்லோர் பேரும் எண்ணிக்கையும் எழுதிய பலகை. அவர்கள் ஊரான ஒஹாயோவில் இப்படி ஒரு பலகையை மாட்டினால் ஆட்கள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்களாம். பர்சனல் ஆபீசர் என்ற முறையில் தமீமாகிய நான்தான் அதைத் தமிழில் எழுதி ஒட்டினேன்.

எங்கள் ஆட்கள் அதைப் படித்துவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிடப் போனார்கள். முதல் லைனில் ஒன்பது பேர். ஒன்பது துண்டுக் காகிதத்தில் ஒன்பது மாதங்களை எழுதி, காலி டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினார்கள். ஜூன் பாரிக்கு விழுந்தது, ஜூலை வரதனுக்கு. யாருடைய மாதமோ அவர் பெட்டியில் மற்ற எட்டுப் பேரும் தங்கள் உபரிக் கவ்விகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று சீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜனம். பரிசு என்று ஒன்றைக் கண்டதும் அதையும் சீட்டாக்கிவிட்டார்கள்.

கவ்வி அடிக்கும் இயந்திரங்களில் நாலாம் பிரஸ்ஸில் இருந்தவன் இன்னாசி. இடதுகைக்காரன். மற்றவர்கள் தகட்டை வலப்பக்கமிருந்து நுழைப்பார்கள், இவன் இடமிருந்து. அதனால் இவன் அடித்த கவ்வியில் மட்டும் பிசிறு உள்பக்கம் இருக்கும். ஆயிரம் கவ்விகளைக் கொட்டினாலும் இன்னாசியுடையதை விரலால் தடவியே பொறுக்கிவிடலாம். அவனுக்கு அக்டோபர் விழுந்தது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போனவனை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று அடித்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. மனைவி இருதயம்மாள் மட்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் சொக்கம்மாள் என் அறைக்கு வந்தாள். ஆறாம் பிரஸ்ஸில் வேலை செய்பவள், லைனில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"இன்னாசி பேர எடுத்துடாத பாய். இது அவன் மாசம்."

"ஆளே போயிட்டான். பலகைல எப்படி பேர் வைக்கிறது?"

"சீட்டு போட்டவன் செத்துட்டா அவன் வூட்டுக்கு உண்டானத குடுக்காம வுட்டுடுவாங்களா? நீ கையெழுத்து மட்டும் போடு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

அக்டோபர் முழுக்க இன்னாசியின் வருகைப் பதிவில் நான் கையெழுத்திட்டேன். எட்டுப் பேரும் அவன் பெட்டியை நிரப்பினார்கள். பரிசு நாளன்று பாரி அவனுடைய தொப்பியை மாட்டிக்கொண்டு போய் டேலிடம் கை குலுக்கினான். ஜூனில் இதே கையைத்தான் குலுக்கினோம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. பணத்தை நானே இருதயம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு அன்று பிரியாணி சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் அவன் பேரை எடுத்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம். விடுப்பு என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்த மாதம் இரண்டாவது லைன்காரர்களுக்கும் விஷயம் புரிந்து அவர்களும் சீட்டுப் பிடித்தார்கள். அங்கே ஒன்பது பேர், இங்கே எட்டு. முதல் லைன் தோற்றிருக்க வேண்டும், ஆனால் தோற்கவில்லை. மாதக் கடைசியில் பெட்டியை எண்ணியபோது எட்டுப் பேர் அடித்ததற்கு மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் கவ்விகள் இருந்தன. ஒன்றை எடுத்துத் தடவினேன். பிசிறு உள்பக்கம்.

பழைய சரக்கை எங்கேயோ பதுக்கி வைத்துக் கொட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரியாமல் என்ன திருட்டு என்று கோபம்கூட வந்தது. ஸ்டோரில் போய்த் தகட்டுச் செலவைப் பார்த்தேன். ஒன்பது ஆளுக்கான தகடு செலவாகியிருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வெளியே போன பிறகு, நான் மட்டும் ஷெட்டுக்குள் நின்றேன். நல்ல வெயில். மேலே கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் விழுந்து தரையெல்லாம் பளிச்சென்று இருந்தது. பிரஸ் ஒன்று அடிக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, பழகிய கை அடிக்கும் சத்தம். நான் தூண்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. நாலாம் பிரஸ்ஸின் மிதிகட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தகடு இடப்பக்கமிருந்து பாதி நுழைந்த நிலையில் நின்றது. அச்சில் கை வைத்தேன், சுட்டது. எனக்கு ஓதத் தெரிந்த துஆவெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது.

"பாத்துட்டியா?" என்று பின்னால் சொக்கம்மாளின் குரல். கையில் டீ டம்ளர் இருந்தது. அதைக் கொண்டுபோய் நாலாம் பிரஸ்ஸின் ஓரத்தில் வைத்தாள்.

"யாரு இது?"

"யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? சீட்டு எடுத்தவன் கடைசி மாசம் வரைக்கும் கட்டணும் இல்ல? கட்டிகினு கீறான்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"எடுத்துகினு ஓடிப்போனவன கூட பாத்துகீறேன் பாய். இவன் நாணயமா வந்து கட்றான். அவனுக்கு இன்னாத்துக்கு பயப்படணும்?"

அவளுக்கு வேறு கவலை இருந்தது. குலுக்கலில் அவளுக்கு விழுந்தது கடைசி மாதம், பிப்ரவரி. அவள் மகள் மாயாவுக்குப் பிறவியிலேயே வலது பாதம் உள்ளே திரும்பியிருந்தது. மார்ச்சில் ஆபரேஷன். உள்ளே வைக்கிற தகடும் கம்பியும் வெளியே வாங்கித்தர வேண்டும். அந்தப் பதினைந்தாயிரத்தை நம்பித்தான் நாள் குறித்திருந்தார்கள்.

இதற்கிடையில் டேல் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் கலாச்சாரத்தில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். நல்ல மனிதர், உண்மையாகவே கேட்டார். செத்தவன் வேலைக்கு வருகிறான் என்று சொல்ல முடியுமா? அதை விட்டுவிட்டு மிச்சத்தை நான்கு பக்க அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். இங்கே ஒருவனைத் தனியாக உயர்த்தினால் அவனே கூச்சப்பட்டு மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொள்வான், ஆகவே தனிப்பரிசை எடுத்துவிட்டு எல்லோருக்கும் மாதாமாதம் சமமாகப் பிரித்துக் கொடுங்கள் என்று. ஒஹாயோவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து புதிய முறை. பிப்ரவரியோடு சீட்டு எப்படியும் முடிகிறது, யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். நான் ஒரு பெரிய ஆள் என்ற நினைப்பு ஒரு வாரம் நீடித்தது.

ஜனவரிக் கடைசியில் இருதயம்மாள் தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, மதில் ஓரமாக நின்றாள்.

"சார், அவரு தெனமும் வூட்டுக்கு வர்றாரு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"ரெண்டு மணி ஷிப்ட் வுட்டு, ரெண்டரைக்கு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. எண்ணெ வாசன வரும். தண்ணி மொண்டு ஊத்துற சத்தம் கேக்கும். போய் பாத்தா பக்கெட்டு தண்ணில இரும்புத்தூள் மெதந்துகினு கீது. அப்பறம் கோரப்பாய் முனகும், படுக்கறாரு. காலைல அஞ்சு மணிக்கு மறுபடி கதவு தொறக்குது."

"ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?"

"பூசை வெச்சோம். கல்லறத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு, அங்கயே படுய்யான்னு கெஞ்சிட்டு வந்தேன். நான் வூட்டுக்கு வர்றதுக்குள்ள அவரு வந்துட்டாரு. உசுரோட இருந்தப்ப ஒழச்சது பத்தாதா சார்? அவரு பேர எடுத்துடுங்க. அவருக்கு ஓய்வு குடுங்க."

எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொக்கம்மாளிடம் சொன்னபோது அவள் முகம் கல்லானது.

"இன்னும் ஒரே ஒரு மாசம் பாய். அதுவும் என் மாசம். அவன் இல்லன்னா எட்டுப் பேர வெச்சிகினு அந்த லைன எப்டி தாண்டறது? என் பொண்ணு காலுக்கு இன்னா பதில் சொல்ற?"

"இருதயம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் நாலாம் பிரஸ் பக்கம் பார்த்தாள். அவளுக்கும் இன்னாசியைப் பிடித்து வைக்க மனசில்லை என்று தெரிந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"சீட்டு எடுத்தவன் கட்ட முடியலன்னா யாரு தலைல வியும்?"

"ஜாமீன் போட்டவன் தலைல."

"அக்டோபர் மாசம் பூரா அவனுக்கு கையெழுத்து போட்டது யாரு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உதவி செய்தவன் மேலேயே பழியா என்று கத்தியும்விட்டேன். அவள் தன் பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்று வண்ணாரப்பேட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது, அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பிப்ரவரி முதல் தேதி காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனேன். ஆபீஸ் ஒன்பதரைக்குத்தான். இன்னாசியின் பஞ்சிங் கார்டில் பேருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, பழக்கதோஷத்தில் அதை ரேக்கிலேயே திரும்பச் சொருகிவிட்டு, நாலாம் பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். பேனா பிடித்த கை. முதல் கவ்வி நசுங்கியது, இரண்டாவதும் நசுங்கியது. பாரி எழுந்து வந்து தகட்டை வலப்பக்கமிருந்து நுழைக்கக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

பத்துக் கவ்வி அடித்திருப்பேன். எனக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. அடுத்த ஷிப்ட்காரன் இடத்துக்காகக் காத்திருக்கிற மாதிரி, நெருங்கி, பொறுமையாக. எண்ணெய் வாசனை வந்தது. லைனில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. எட்டுப் பேரும் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னாசி, இனிமே இது என் பாக்கி. நான் கட்டிடறேன். நீ போய்ப் படு" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வாசனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. பிறகு வாசலில் பஞ்சிங் கடிகாரத்தின் மணி ஒரு தடவை அடித்தது. வரதன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கார்டு ரேக்கில் வெளியே போனவர்கள் பக்கம் இருந்ததாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே புதிதாக நேரம் விழுந்திருந்தது, 6.47.

அன்று ஒன்பதரை வரை நான் அடித்தது நாற்பத்தொன்று. இன்னாசியின் உபரி மட்டுமே தினம் நூறைத் தாண்டும். பலகையில் அவன் எண்ணைச் சாக்கட்டியால் எழுதும்போது அதற்குப் பின்னால் இருந்த தோளும் முதுகும் எனக்குத் தெரிந்ததே இல்லை. ஞாயிறு தவிர மாதம் முழுக்க அங்கே உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகம் ஒன்று போனது. கடைசி வாரத்தில் தொண்ணூறைத் தொட்டேன். மற்ற எட்டுப் பேரும் டீயைக்கூட நின்றபடியே குடித்தார்கள். பத்தொன்பது கவ்வி வித்தியாசத்தில் சொக்கம்மாள் ஜெயித்தாள். பரிசை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

மார்ச் முதல் தேதி, புதிய முறை ஆரம்பித்த அன்று மாலை, இருதயம்மாள் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப வர்றதில்லியே?" என்று கேட்டேன்.

"இல்ல சார். போன மாசம் ஒண்ணாந்தேதி காலைல ஏழேகாலுக்கே வந்தாரு. கை கழுவல. படுக்கல. என் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னாரு. அவ்ளோதான்."

"நிம்மதியா போயிட்டாரு."

"ஆமா சார்" என்றாள். அவள் கண் தெருமுனையிலேயே இருந்தது. பக்கத்தில் பக்கெட் நிறையத் தண்ணீர், தெளிவாக இருந்தது.

"அவர வுட்ருங்கன்னு நான்தான் கேட்டேன், இல்லன்னு சொல்லல" என்றாள். "ரெண்டரை மணி ஆனா வூடு கம்முனு கீது சார். தாங்க முடியல." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "மறுபடியும் சீட்டு ஆரம்பிப்பீங்க இல்ல? அவரு பேரயும் சேத்துக்கோங்க சார். மொத மாசமே அவருக்கு குடுத்துடுங்க. மீதி எட்டு மாசம் கட்ட வருவாரு இல்ல?"

இனிமேல் தனிப்பரிசே கிடையாது, எல்லோருக்கும் சமமாகத்தான் பிரிப்பார்கள் என்பதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன். நம் ஜனங்களை நன்றாகப் புரிந்துகொண்டு அந்தத் திட்டத்தை எழுதியவன் நான். பார்க்கலாம்மா என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன்.